ஊசி போட்டவள்

சின்னமனூரில் டாக்டர் ஈஸ்வரபாண்டியின் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கத்தான் அய்யம்மாள் முதலில் சேர்ந்தாள். பிறகு டோக்கன் கொடுத்தாள், கட்டுப் போட்டாள், இரண்டே வருஷத்தில் ஊசியும் போட்டாள். படித்தது எட்டாவது. ஊர் அவளுக்கு நர்ஸம்மா என்று பட்டம் கட்டிவிட்டது. வலிக்காமல் ஊசி போடுகிறவளிடம் சர்டிபிகேட் கேட்க யாருக்கு மனசு வரும்? இருபது வருஷமாக யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ஐப்பசியில் மார்க்கையன்கோட்டை கர்ணன் காய்ச்சலோடு வந்தான். முப்பத்தாறு வயது. டாக்டர் அப்போது கம்பத்தில் தன் இன்னொரு கிளினிக்கில் இருந்தார். போனிலேயே மருந்தின் பெயரைச் சொன்னார். தோலில் துளி மருந்து போட்டுச் சோதித்து, காத்திருந்து போட வேண்டிய ஊசி அது. வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அய்யம்மாள் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கர்ணனுக்கு முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனபின் கட்டிலைத் துடைத்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

அன்றோடு உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போனது. அழுகை வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், குழம்பில் உப்பில்லை என்று மகள் சொன்னால் போட்டாள்.

உடம்பை அறுக்க வேண்டாம் என்று கர்ணன் வீட்டார் எழுதிக் கொடுத்துவிட்டதால் போலீஸில் எதுவும் நிற்கவில்லை. ஆனால் அவன் மனைவி ஜோதிலட்சுமி டாக்டர் மேல் மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினாள். தேனியில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் டாக்டர் அய்யம்மாளைக் கூப்பிட்டார்.

"ஊசிய நான் போட்டதா எழுதிக் குடுத்துட்டேன். நீ பக்கத்துல நின்னேன்னு மட்டும் சொல்லு. ஒன்னைய யாரும் தொட மாட்டாக."

கெட்ட மனிதர் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார், கூடவே தன்னையும்.

மறுநாள் விசாரணை அதிகாரி முன்னால் அய்யம்மாள் ஒரே மூச்சில் சொன்னாள். "ஊசி போட்டது நாந்தேன். டாக்டர் ஊர்லயே இல்ல. டெஸ்ட் எதுவும் பண்ணல."

அதிகாரி எழுதிக்கொண்டார். "நீங்க நர்ஸுக்குப் படிச்சுப் பதிவு பண்ணிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"சரி, கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். எழுந்து போகாமல் நின்றாள். "எனக்கு என்ன தண்டனைங்கய்யா?"

"பதிவுல பேர் இருந்தா நீக்கலாம், நிறுத்தி வைக்கலாம். உங்க பேர் எதுலயுமே இல்லையேம்மா. உங்க மேல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. போய்ட்டு வாங்க."

தண்டனை கிடைக்கும் என்று நம்பித்தான் அவள் பஸ் ஏறியிருந்தாள். யாராவது ஒருவர் வாய் திறந்து, நீதான் செய்தாய் என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

எட்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. டாக்டர் ஒரு வருஷம் வைத்தியம் பார்க்கக் கூடாது. அய்யம்மாளைப் பற்றி 'தகுதியற்ற உதவியாளர் ஒருவர்' என்று மட்டும் இருந்தது. கிளினிக்குக்குப் பூட்டு விழுந்தது. தெருவில் அவளைக் கரித்துக் கொட்டினார்கள், கர்ணன் செத்ததற்காக அல்ல. கைராசிக்கார டாக்டரைக் காட்டிக் கொடுத்துவிட்டாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மார்க்கையன்கோட்டைக்குப் போனாள். ஜோதிலட்சுமி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் அய்யம்மா. ஒங்க வீட்டுக்காரருக்கு ஊசி போட்டது நாந்தேன். என்னைய யாருமே ஒண்ணும் கேக்கல."

ஜோதிலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"கேக்காம என்ன? மொதல்ல ஒங்க மேலதேன் புகார் எழுதச் சொன்னேன். பாதி எழுதிட்டு, பதிவு எண் என்னன்னு கேட்டாரு மனு எழுதுறவரு. அது இல்லாட்டி எடுத்துக்கிட மாட்டாகன்னுட்டு வேற தாள்ல டாக்டர் பேர எழுதுனாரு. எனக்கு இதைக் கிழிச்சுப் போட மனசு வரல."

அய்யம்மாள் வாங்கிப் பார்த்தாள். என் கணவரைக் கொன்றவர் என்று எழுதி, பக்கத்தில் அவள் பெயர். இரண்டு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. ஜோதிலட்சுமி தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.