நான் வெட்டிய பத்தி

இரண்டு வருடங்களுக்கு முன், ஜேர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே உள்ள பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இது தொடங்கியது. பாண் பொதி செய்வது என் தொழில். எழுத்தாளன் என்பது என் நினைப்பு. அந்த நினைப்புக்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் அகதிகளாக வந்த காலத்தில் இந்த ஊர்த் தமிழர் பாதிப்பேருக்குக் 'கேஸ்' எழுதிக் கொடுத்தவன் நான். விசாரணையில் என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது, எங்கே அழுவது எல்லாம் என் கைவண்ணம். நிறைய வாசிக்கிறவன் என்பதால் கண்ணீர் கொஞ்சம் இலக்கியத் தரமாகவே இருக்கும். பலருக்கு விசா கிடைத்தது. என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அதுதான்.

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் உகண்டாவில் இருந்து வந்தவர். முப்பத்துநான்கு வயது, ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், அகதி விசாரணைக்கு டெர்மின், அதாவது வரச்சொல்லித் திகதி, வந்துவிட்டது என்றார். தான் ஆண்களை நேசிக்கிறவர், அதனால்தான் ஓடி வந்தவர் என்பதையும் அப்போதுதான் சொன்னார். நான் முற்போக்கானவன், முகத்தில் எதையும் காட்டவில்லை. கதிரையை மட்டும் கொஞ்சம் நகர்த்தினேன். அதை அவர் கண்டுவிட்டார். அந்த வெட்கத்தில்தான், கேஸை நான் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

என் வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னார். அவரும் ஒரு தையற்காரரும் ஒரே வீட்டில் பல வருடம் வாழ்ந்தார்கள். ஊருக்குத் தெரியும், யாரும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பெருநாட்களில் இரண்டு பேருக்குமாக ஒரு தட்டில் சாப்பாடு அனுப்புவாள். பிறகு, இப்படிப்பட்டவர்களை ஆயுள் முழுவதும் சிறையில் வைக்கும் சட்டம் வந்தது. மேற்கு நாடுகள் கண்டித்து, உதவிப் பணத்தை நிறுத்தத் தொடங்கின. அந்தப் பணத்தில் நடந்த சிறிய மருத்துவ நிலையம் மூடப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகளுக்கு அங்கேதான் மருந்து கிடைத்து வந்தது.

"சட்டம் வந்த பிறகும் தட்டு வந்தது," என்றார். "மருந்து நின்ற பிறகுதான் அவள் கல்லோடு வந்தாள்."

அவளோடு வந்த கூட்டம் வீட்டைக் கொளுத்தியது. தையற்காரர் வெளியே வரவில்லை.

நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அனுபவசாலியாக யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண், தட்டு, மருந்து, நின்றுபோன பணம், முழுப் பத்தியையும் வெட்டினேன். அடைக்கலம் கேட்கப் போன இடத்தில், உங்கள் கண்டனம்தான் எங்கள் வீட்டுக்கு நெருப்பாக வந்தது என்று சொன்னால் யார் விசா தருவான்? இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. உகண்டாவுக்கான உதவியை நிறுத்தச் சொல்லும் மனுவொன்றில், கடைத்தெருவில் வைத்து நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். கையெழுத்துப் போட்ட அன்று முழுவதும் என்னை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெட்டிய இடத்தில் பொலிஸ், சப்பாத்துக் கால், இருட்டறை எல்லாவற்றையும் வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு நன்றாக வேலை செய்த சாமான்கள்.

அவர் போன பிறகு, குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்தாள்.

"இஞ்சருங்கோ, உது அந்தத் தம்பியின்ர கதையோ, நீங்கள் முந்தி எங்கட ஆக்களுக்கு எழுதின கதையோ?"

"உமக்குக் கேஸ் விளங்காது."

"ஓம், விளங்காதுதான். அந்தப் பிள்ளை தட்டைப் பற்றிச் சொல்லேக்கைதான் அழுதது. நீங்கள் அதைத்தான் வெட்டிப்போட்டியள்."

அவர் ஆசிரியர் அல்லவா, நான் எழுதியதை ஒரு சொல் விடாமல் பாடமாக்கி விசாரணையில் ஒப்புவித்தார். சில மாதங்களில் அகதி அலுவலகத்தின் மறுப்பு வந்தது. சொன்னது மனப்பாடம் செய்ததுபோல் இருக்கிறது, சொந்த அனுபவத்தின் அடையாளம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். என் எழுத்துக்கு முதன்முதலாக வந்த நேர்மையான விமர்சனம்.

மறுப்பை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் பார்வையாளர் வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். இந்தமுறை தட்டையும் மருந்தையும் கல்லையும் அப்படியே சொன்னார். நீதிபதி மரியாதையான பெண்மணி. கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்: "இவ்வளவு முக்கியமான விஷயத்தை முதல் விசாரணையில் ஏன் சொல்லவில்லை?"

நான் எழும்பியிருக்கலாம். நான்தான் வெட்டினேன் என்ற ஒரு வசனம் போதும். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய என் சொந்தக் கோப்பு ஞாபகம் வந்தது. அதில், நான் ஒருநாளும் இருந்திராத ஒரு சிறை இருக்கிறது. நீர் யார், உமக்கு இந்தத் தொழில் எப்படிப் பழக்கம் என்று கேட்டுவிட்டால்? நான் எழும்பவில்லை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வெட்கமாக இருந்தது," என்றார்.

முதலில் சொல்லாமல் பின்னால் சேர்த்த கதை நம்பத்தக்கதல்ல என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்த மஞ்சள் கடித உறையை, வாசித்துச் சொல்லும்படி என்னிடமே கொண்டுவந்தார். வாசித்தேன். இப்போதாவது போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீங்கள் எனக்கு நல்லது செய்யத்தான் பார்த்தீர்கள். பணத்தை நிறுத்தியவர்களும் எங்களுக்காகத்தான் நிறுத்தினார்கள்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவருடைய வேலை அனுமதி போயிற்று. அடுத்த வாரம் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் நின்றார். அவருடைய தொலைபேசி வேலை செய்வதில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்களா, வேறு நாட்டுக்கு ஓடிவிட்டாரா, எனக்குத் தெரியாது. பிழையாக எழுதியதற்கு என்றாவது மன்னிப்புக் கிடைக்கலாம். அந்த வாங்கில் பேசாமல் இருந்த அரை நிமிடத்துக்கு யாரிடம் போய் விண்ணப்பிப்பது என்றுதான், இந்த ஊரின் விண்ணப்பங்களையெல்லாம் எழுதிய எனக்கு இன்னும் தெரியவில்லை.