பென்சிலில் என் பெயர்

ஓப்பநாயக்க ஊருக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், எந்த வகுப்புக்கு எப்போது யார் என்று நேரசூசி எழுதுகிற டீச்சர் அவர். ஒல்லியான உடம்பு, நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி. எதை எழுதி முடித்தாலும் தாளை வாயால் ஊதுவார்.

முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வுக்கு நடுவில், ஆசிரியர் வேலை எனக்குச் சரிவருமா என்று பார்க்க ஒரு மாதம் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தேன். பேச ஆளில்லாத ஆய்வுகூடம் அலுத்துப்போயிருந்தது.

நேரசூசியில் மற்ற எல்லாருடைய பெயரும் பேனையில் இருந்தது. என் பெயரை மட்டும் அவர் பென்சிலால் எழுதினார்.

“ஏன் டீச்சர், எனக்கு மட்டும் பென்சில்?”

“கோவிச்சுக்காதீங்க சேர். சயன்ஸுக்கு வர்றவங்க யாரும் நிக்கிறதில்லீங்க. ஒவ்வொரு தடவையும் முழுத் தாளையும் மாத்தி எழுத ஏலாதுங்களே.”

என் பெயர் இருந்த விஞ்ஞானக் கட்டங்களில் மட்டும் தாள் அழித்து அழித்து மெலிந்திருந்தது.

மாதம் முடிந்து நான் புறப்பட்ட அன்று, அவர் என் பெயரை அழித்துத் தூளை ஊதினார்.

“மழைக்கு முன்னுக்கே பஸ்ஸப் புடிச்சிருங்க சேர்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அழிக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். பேனைகூடச் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஆய்வுகூடத்துக்கே திரும்பிவிட்டேன். இங்கே குறிப்பேட்டில் பென்சிலுக்கு இடமில்லை, எல்லாம் பேனைதான். ஆனாலும் தனியே உட்கார்ந்து அளவுகளை எழுதி முடித்ததும், இப்போது நானும் தாளை ஊதுகிறேன்.