சாம்பல் படிந்த விதம்

வெல்டா கிட்டன்ஸ் பிறந்தது பார்படோஸின் கிழக்குக் கரையில், ஒரு வெள்ளை மலையின் சரிவில். அந்த மலை ஒரு காலத்தில் ஆழ்கடலின் தரை. மேற்கே வளைந்து கிடக்கும் எரிமலைத் தீவுகள் கக்கிய சாம்பல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதன் வெள்ளைச் சேற்றுக்கு நடுவே பட்டை பட்டையாகப் படிந்தது. பிற்பாடு எல்லாமே கடலுக்கு மேலே தள்ளப்பட்டது. அந்தப் பட்டைகளைப் பார்த்து, எது எப்படி வந்து படிந்தது என்று சொல்வதுதான் வெல்டாவின் படிப்பும் பிழைப்பும்.

தம்பி டார்ன்லி வீடு கட்ட மனை பார்த்தபோது அவளைத்தான் கூட்டிப்போனான். மனைக்கு மேலே மலைவெட்டில் ஒரு சாம்பல் பட்டை தெரிந்தது. பழைய சாம்பல் களிமண்ணாகிவிடும்; நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். வானத்திலிருந்து கடலில் விழுந்து படிந்ததென்றால் போர்வைபோல மலை முழுக்க விரிந்திருக்கும். எரிமலைத் தீவின் சரிவிலிருந்து கடலடியில் புரண்டு வந்ததென்றால் நாக்குபோல நீண்டு ஓரிடத்தில் ஓய்ந்துவிடும். பட்டையில் சிப்பித் தூளும் மணலும் கலந்திருந்தன. புரண்டு வந்ததுதான் என்று முடிவு செய்தாள். மனையில் ஒரு குழி வெட்டச் சொன்னாள். வெறும் வெள்ளை மண்.

"இங்க இல்ல. மேலயே நின்னுபோச்சு. தாராளமா கட்டு."

"அப்புறம் பேச்சு மாத்தினே, உன் வீட்ல வந்து குடியேறிடுவேன், பாத்துக்கோ" என்றான் டார்ன்லி.

"அய்யோ, இவ கிண்டுற சோளக் களியத் தின்னுட்டு நாம உசுரோட இருக்கணுமே!" என்று சிரித்தாள் அவன் மனைவி மார்வா.

வீடு பல வருஷம் நன்றாகத்தான் நின்றது. பிறகு ஒரு நவம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மீன் வாங்கப் போன டார்ன்லி திரும்பி வந்தபோது வீடு சாலைக்குக் கீழே நொறுங்கிக் கிடந்தது. உள்ளே இருந்த மார்வாவின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் மழையைத் திட்டினார்கள். வெல்டா சரிந்த இடத்துக்குப் போனாள். பிளந்த மலைக்குள் அதே சாம்பல் பட்டை. அடியில் கரடு, மேலே போகப்போக மாவு, துளி கலப்பில்லை. வானத்திலிருந்து விழுந்து நீரில் மெல்ல இறங்கியது. மேலே அவள் பார்த்த கலப்பு, பின்னால் வந்த நீரோட்டம் அந்த இடத்தில் மட்டும் கிளறிவிட்டது. மலைவெட்டுக்கும் மனைக்கும் நடுவே ஒரு பிளவு பட்டையை ஆழத்துக்கு இறக்கியிருந்தது. அவள் வெட்டச் சொன்ன குழி அதைத் தொடவேயில்லை.

கையில் ஒட்டிய களிமண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. போர்வை என்றால் பக்கத்து வீடுகளுக்கு அடியிலும் அது இருக்கிறது.

மாதாகோவில் கூடத்தில் அந்தச் சரிவுக் குடும்பங்களைக் கூட்டினாள். "நான் தப்பா சொல்லிட்டேன். அந்த மண்ணு நிக்காது. எல்லாரும் கிளம்பிடுங்க."

பக்கத்து வீட்டு ஹேர்வுட் எழுந்தார். "அன்னிக்குக் கட்டுன்னே. இன்னிக்குக் கிளம்புங்கறே. எந்த வெல்டாவ நான் நம்பறது?"

கடைசி பெஞ்சில் அதுவரை தலைகுனிந்திருந்த டார்ன்லி எழுந்தான்.

"அவள நம்ப வேணாம். நானும் நம்பப்போறதில்ல. என் வீடு இருந்த எடத்தப் போய்ப் பாருங்க. பாத்துட்டும் அங்க படுக்க மனசு வந்தா, படுங்க."

லாரி பிடித்துச் சாமான்களை ஏற்றியதும் அவன்தான். முரண்டு பிடித்த ஹேர்வுட்டைக் கட்டிலோடு தூக்கிப்போனார்கள். அடுத்த மழையில் சரிவு முழுவதும் கடற்கரைச் சாலைவரை இறங்கியது. வீடுகளில் அப்போது யாரும் இல்லை.

வெல்டா போன் செய்தாள். "டார்ன்லி, யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"மார்வாவுக்கு ஆச்சே" என்று வைத்துவிட்டான்.

பிறகு அவன் தெற்கே தட்டையான நிலத்தில் வாடகைக்குப் போனான். முகவரியை ஹேர்வுட்டிடம் கொடுத்தான், அக்காளிடம் கொடுக்கவில்லை. வெல்டா அந்த வேலையை விடவில்லை. ஆனால் எந்த மனைக்குப் போனாலும் "கட்டலாம்" என்ற சொல் அவள் வாயிலிருந்து சுலபத்தில் வரவில்லை.