கப்பலக்கா எடுத்த அறை

எங்கள் பயண ஏஜென்சியில் மூன்று மேசைகள். விசா வேலைக்கு நான், விமான டிக்கெட்டுக்கு ஒருவர், மலிவு விலைக் கப்பல் சுற்றுலாவுக்கு ஓர் அக்கா. ‘கப்பலக்கா’ என்பது நாங்கள் வைத்த பெயர். வந்த நாள் முதல் கப்பல் டிக்கெட்தான் விற்றார். ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் கப்பலிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றுதான் நினைப்பீர்கள்.

“ஏறும்போது போட்டோ எடுப்பான். சிரிச்சுட்டுப் போயிடுங்க, வாங்காதீங்க. சாப்பாடு இலவசம், ஆனா ஜூஸைத் தொட்டீங்கன்னா பில் வந்துடும். முதல் நாளே தட்டைத் தூக்கிட்டு முண்டியடிக்காதீங்க. கொஞ்சம் பொறுத்துப் போனாலும் அதே சாப்பாடு அங்கேயேதான் இருக்கும்.”

கடைசியில் அறை விஷயம் வரும். மலிவு டிக்கெட் என்றால் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் அறை. நாலு பக்கமும் சுவர், ஜன்னல் கிடையாது. கேட்டவர் முகம் சுருங்கும். அதற்கென்றே அக்கா ஒரு பேச்சு வைத்திருந்தார்.

“ரூம்ல யாருங்க இருக்கப் போறாங்க? தூங்கத்தானே போறீங்க! கடல் மேல இருக்கு.” சொல்லிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டுவார். வந்தவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தப் பேச்சு தோற்று நான் பார்த்ததில்லை.

அவர் கணவர் ஒரு பெரிய கடை வளாகத்தின் அடித்தளத்தில் கார்களுக்கு இடம் காட்டும் வேலை பார்த்தவர். காலையில் உள்ளே இறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே வருவார். தாழ்ந்த கூரை, அதில் ஓடும் குழாய்கள், திரும்பிய பக்கமெல்லாம் தூண். “ரிவர்ஸ் வாங்க, வாங்க, போதும்” என்று சொல்லியே அவர் காலம் போயிற்று. புகை நுரையீரலைத் தின்று தீர்த்தது. டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. “கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணுமே இல்லாத இடத்த ஒரு தடவ பாக்கணும். தூண் இருக்கக் கூடாது, சுவர் இருக்கக் கூடாது.”

கரையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் கட்டடம் இருக்கும், நடுக்கடல்தான் சரி என்று அக்கா முடிவு செய்தார். ஊழியர்களுக்கான சலுகை டிக்கெட் இருந்தது. ஜன்னல் இல்லாத அறைக்குத்தான் அது செல்லும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“அக்கா, இந்த ஒரு தடவ ஜன்னல் வச்ச ரூமா எடுங்க. கொஞ்சம்தானே கூட ஆகும்?”

“போ தம்பி! என்கிட்டயே கப்பல் விக்கிறியா?” என்று சிரித்தார். அவர் பேச்சை அவரே நம்பினார், அதுதான் கொடுமை.

கப்பல் ஏறும்போதே இருட்டிவிட்டது. கூரை போட்ட நடைபாதை வழியாக நேரே உள்ளே போய்விட்டார்கள். கணவருக்குக் களைப்பு. “காலையில பாத்துக்கலாம்” என்று படுத்தார். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் வயிறு புரட்டி, இருந்த கொஞ்ச மூச்சும் இழுத்துக்கொண்டது. கப்பல் டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். படுக்கையை விட்டு அசையக் கூடாது, மேல்தளத்துக் காற்று ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா வரவேற்பு மேசைக்கு ஓடினார். வளையலைக் கழற்றித் தருகிறேன், ஜன்னல் இருக்கும் அறை ஒன்று கொடுங்கள் என்று கெஞ்சினாராம். எல்லாம் நிரம்பிவிட்டது. “அடுத்த தடவ வரும்போது முன்னாடியே சொல்லிடுங்க மேடம்” என்றாளாம் அங்கிருந்த பெண். அடுத்த தடவையாம்!

கணவர் தாழ்ந்த கூரையைப் பார்த்தார். அதில் ஓடிய குழாயைப் பார்த்தார். சுவருக்குள் ஏதோ உறுமிக்கொண்டே இருந்தது.

“கார் ஒண்ணுதான் குறையுது” என்றார்.

அக்கா சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதார். பிறகு மேலே ஓடிக் கடலைப் போனில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “சின்னதா இருக்கு” என்றார். “கடல் எந்தப் பக்கம்?”

அக்கா கட்டிலை ஒட்டிய சுவரைக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே திரும்பிப் படுத்துக்கொண்டார். பயணம் முடியும்வரை அந்தச் சுவரைத்தான் பார்த்தார்.

இறங்கும் நாளில்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. ஸ்ட்ரெச்சரின் பின்னால் போகும்போது பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது துணி துவைக்கும் அறை. கடல் எதிர்ப்பக்கம். அவர் காதில் அதைப் போடவில்லை என்று என்னிடம் சொன்னார். வீடு திரும்பி அந்த மாதம் முடிவதற்குள் கணவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். “வேற எங்க போவேன் தம்பி, எனக்கு இது ஒண்ணுதானே தெரியும்” என்றார். அன்றைக்கே ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கைத்தடி ஊன்றியிருந்தார். அக்கா போட்டோவைச் சொன்னார், ஜூஸைச் சொன்னார், சாப்பாட்டு வரிசையைச் சொன்னார்.

“ரூம்ல ஜன்னல் இல்லையா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

அக்கா பேனா மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். நான் விசா தாளைக் கீழே வைத்தேன். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

“ரூம்ல யாருங்க இருக்கப் போறாங்க?” என்றார் அக்கா. கை மேலே போகவில்லை. மீதியை அவர் சொல்லவும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“அதானே!” என்று அந்த அம்மாள் சிரித்தார். கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, அவர் கணவர் கையெழுத்துப் போட்டார்.