யானையின் அடியில் ஒரு ஓட்டை

பெரிய மகள் எட்டாம் வகுப்புக்குப் போனதும் அவள் படிக்க ஒரு மேசை போட வேண்டியிருந்தது. எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. மேசைக்கு இருந்த ஒரே இடம் ஜன்னலோரம். அங்கேதான் மூன்று அட்டைப் பெட்டிகளிலும் ஒரு பிளாஸ்டிக் கூடையிலும் பிள்ளைகளின் பழைய விளையாட்டுச் சாமான்கள் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நான்கு பேரும் அவற்றைத் தரையில் கொட்டிவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறேன். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்வோம். சூளையைத் திறந்து சரக்கை வெளியே எடுத்ததும் மூன்றாகப் பிரிப்பது எங்கள் வழக்கம். குறை இல்லாதது நல்லது. லேசான கோணலோ புள்ளியோ இருந்தால் செகண்ட்ஸ். விரிசல் விட்டது ஒடசல். வேறு மாதிரி பிரிக்க எனக்குத் தெரியாது. அதனால் பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். நல்லது அங்கன்வாடிக்கு. செகண்ட்ஸில் மனசுக்குப் பிடித்ததை நாமே வைத்துக்கொள்ளலாம். ஒடசல் குப்பைக்கு.

வேலை வேகமாகத்தான் நடந்தது. மூன்று சக்கர பஸ் ஒடசலில் விழுந்தது. பாதி காய் தொலைந்துபோன லூடோவும் அங்கேயே போனது. சாவி கொடுக்காமலே கத்தும் கிளிப் பொம்மையை என் மனைவி யாரையும் கேட்காமல் அங்கன்வாடிப் பையில் போட்டாள். டீச்சர் பாவம் என்று பெரியவள் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

பெரியவள் ஒன்றை மட்டும் எந்தக் குவியலிலும் சேர்க்கவில்லை. உள்ளங்கை அளவு பீங்கான் யானை, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது தன் கையால் செய்தது என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவாள். அன்றைக்கும் தங்கையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன்னோட வயசு கூட ஆவல எனக்கு. அப்பவே யானை செஞ்சேன். நீ செஞ்சா மாடா நாயான்னே தெரியாத மாதிரிதான் வருது."

மனைவி அவளை அதட்டினாள். சின்னவள் இரண்டாம் வகுப்பு. அவள் எழுந்து போய் ஒரு ஸ்வீட் பெட்டியை எடுத்து வந்தாள். பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த மண்ணில் போன லீவில் அவள் செய்த ஐந்து உருவங்கள் அதில் இருந்தன. நிழலில் காய்ந்தவை, சூளைக்குப் போகாதவை. பெட்டியை ஒடசல் குவியலின் மேல் கவிழ்த்தாள்.

ஏன் என்று கேட்டேன்.

"இதுங்கல்லாம் ஒடசல்தானப்பா. அக்கா யானை மாதிரி ஒண்ணு கூட வரல. இனிமே மண்ணு எடுத்தார வேணாம்."

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பட்டறையில் ஒரு கிண்ணத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று ஒதுக்கி வைப்போமே, அப்படிச் சொன்னாள். அந்த யானையைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

பெரியவள் ஒன்றாம் வகுப்பில் யானை செய்தது நிஜம். சூளையில் வைத்து எடுத்து வரச் சொல்லி என்னிடம் கொடுத்ததும் நிஜம். ஆனால் அது உள்ளே கெட்டியாக இருந்தது. கெட்டி மண்ணுக்குள் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் வெடித்துவிடும். அடியிலிருந்து குடைந்து எடுத்திருக்க வேண்டும். இது எங்கள் வேலையில் புதிதாகச் சேருகிறவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தும் குடையவில்லை. உடம்பெல்லாம் அவள் விரல் பதிந்திருந்தது, என் கத்தி பட்டு அது அழிந்துவிடுமோ என்று அப்படியே வைத்துவிட்டேன். சூளையைத் திறந்தபோது யானை இல்லை, துண்டுகள்தான் இருந்தன. பக்கத்தில் இருந்த நாலு விளக்குகளும் போயிருந்தன. எல்லாவற்றையும் கூட்டி அள்ளிப் பட்டறைக்குப் பின்னால் கொட்டினேன்.

சாயந்திரம் அவள் வாசலில் நிற்பாள் என்று தெரியும். செகண்ட்ஸில், காதில் ஒரு புள்ளி விழுந்த, அச்சில் வார்த்த யானை இருந்தது. கேட்டு வாங்கி வந்தேன். சூட்டில் மண் சுருங்கும், அதனால்தான் உன் யானை இப்படி வழவழப்பாகிவிட்டது என்று சொன்னேன். மண் சுருங்குவது உண்மைதான். மீதி பொய். அவள் நம்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இப்போது அலமாரியிலிருந்து அந்த யானையை எடுத்துப் பெரியவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இது அச்சுல மண்ணுக்கூழ ஊத்தி, மிச்சத்த வெளிய வடிச்ச ஓட்டைம்மா. நீ கையால புடிச்சது உள்ள கெட்டியா இருந்துச்சி, அதுல ஓட்டையே கெடையாது. நீ செஞ்சது சூளையில வெடிச்சிருச்சி. தப்பு என்னுதுதான்."

மனைவிக்கும் அதுவரை தெரியாது. மடித்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். பெரியவள் யானையை வாங்கி அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

நீ அழுவாய் என்று பயந்தேன் என்றேன்.

"அழுதிருப்பேன். அழுதுட்டு வேற ஒண்ணு செஞ்சிருப்பேன்."

அந்த யானைக்குப் பிறகு அவள் மண்ணைத் தொட்டதே இல்லை. கூப்பிட்டால், அதான் ஒன்று செய்தாகிவிட்டதே என்பாள். அடுத்தது அதுபோல வராது என்ற பயமாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

தன்னுடையது எப்படி இருந்தது என்று கேட்டாள். ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். ஒரு காது வடை மாதிரி, இன்னொன்று வெற்றிலை மாதிரி. தும்பிக்கை கட்டை. கண்ணுக்குத் தீக்குச்சியால் குத்தியிருந்தாள். துண்டு ஏதாவது இருக்கிறதா என்றாள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சின்னவள் அருகில் வந்து, என் மாடு மாதிரி இருந்ததா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இதவிட மட்டமா இருந்திருக்கும் போல" என்றாள் பெரியவள்.

அவள் அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆனால் மாலையில் நான் ஒடசல் குவியலைக் குப்பைக்கு அள்ளப் போனபோது அந்த ஐந்து உருவங்களும் அதில் இல்லை. பெரியவள்தான் கால் உடைந்த ஒன்றைச் சுவரில் சாய்த்து, மற்ற நான்கையும் யானை இருந்த இடத்தில் வரிசையாக வைத்திருந்தாள். யானையை அங்கன்வாடிப் பையில் போட்டிருந்தாள். அதை வைத்துக்கொள்ளலாமே என்று அவள் அம்மா சொன்னதற்கு, அது நல்ல யானைதான், பசங்க விளையாடட்டும் என்றாளாம்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பையைக் கொடுத்தேன். அங்கன்வாடி டீச்சர் யானையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்.

"அழகா இருக்குதுங்க. ஒங்க பொண்ணு செஞ்சதா?"

"இல்லைங்க. அச்சுல ஊத்துனது" என்றேன்.