வேலு அண்ணனுக்குப் போட்ட ஊசிகள்

ஊசி போடுகிறவளைப் பார்த்து யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. உங்களில் நர்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் மல்லேஸ்வரத்தில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் இருந்தேன். ஜீவனஹள்ளி வேலு அண்ணன் அங்கேதான் வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

முதல் ஊசி

புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி, அதை நிறுத்த மாதாமாதம் ஊசி, நோய் அடங்கும் ஆனால் போகாது என்றார் டாக்டர். இனி தாம்பத்தியமும் இருக்காது என்பதைக் குரலைத் தணித்துச் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்தார். அவர் மனைவி கஸ்தூரி அக்காதான் பதில் சொன்னார்: "ஆளு இருந்தா போதும் டாக்டர், போடுங்க."

மின்விசிறிக்குக் கீழே

மார்கழிக் குளிர். எல்லோரும் ஸ்வெட்டரில் இருக்க, அண்ணன் மட்டும் சட்டை நனைந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உடம்புக்குள் அடுப்பு மூட்டியதுபோல இருக்கிறதாம். எனக்கும் மாதவிடாய் நிற்கும் வயசு, அதே அவஸ்தை. "ஊசியால் வருவதுதான், பயப்படாதீங்க" என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். "எனக்கு இப்டி வந்தப்ப, 'சும்மா நடிக்காதடி'ன்னு சொன்ன மனுஷன் சிஸ்டர் இவரு!"

கதவு

ஊசி வேலை செய்தது. வலி குறைந்து, கடைத்தெருவரை நடந்தார். ஆனால் ஹார்மோன் நின்றதில் மார்பு பெண்களுக்குப்போலப் பெருத்துவிட்டது. சட்டைப் பொத்தானை அவிழ்க்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் திடீரென்று அழுதார். "தெருக் குழாயடில துண்டு கட்டிக் குளிச்சவன் சிஸ்டர். இப்ப பொண்டாட்டி வந்தாலும் கதவ சாத்திக்கறேன்."

ஆட்டோவில்

இரண்டாவது வருஷக் கடைசியில் நோயின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண் மறுபடி ஏறியது. மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை. டாக்டர் மாத்திரைகளை மாற்றிப் பார்த்தார், ஊசியையும் நிறுத்தவில்லை. கடைசியாக வந்த அன்று அண்ணனால் படியேற முடியவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு நானே ஆட்டோவுக்குப் போனேன். வயிற்றில் குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. இடுப்பு வலி அப்படி. "வலி எப்ப நிக்கும் சிஸ்டர்?" என்றார். நான் குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொய்யாச்சும் ஒரு நாள சொல்லுங்க சிஸ்டர், அதுவரைக்கும் தாங்கிப்பாரு."

அடுத்த வாரம்வரை தாங்கினால் போதும் என்றேன். சொன்னபடி அடுத்த வாரமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால், என் உத்தியோகத்தில் நான் சொன்ன ஒரே பொய்யும் பலித்துத் தொலைத்தது.