வாடை நின்ற சந்து

வெனிஸ் நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "நம்ம ஊரு வாடை அடிக்குது."

"இதை மோந்து பாக்கத்தான் பிளேன் ஏறி வந்தோமா?" என்றேன். காலையிலிருந்தே எனக்கு அவர் மேல் கோபம். ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. கால்வாயில் தண்ணீர் இறங்கியிருந்தது. வீடுகளின் அடிச்சுவரில் பாசி, அதற்குக் கீழே கறுப்புச் சேறு. அழுகின முட்டை வாடை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது ஒன்றும் புதிதில்லை.

மகள் ஷூ டிசைன் படித்துவிட்டு இந்த நாட்டில்தான் வேலை செய்கிறாள். எங்களை வரவழைத்து, எல்லோருமாகக் கப்பலில் போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தாள். அன்று மதியம் கப்பல் ஏற வேண்டும். பேரக் குழந்தைக்குச் சளி என்பதால் அவள் ஊருக்கு வெளியே ஓட்டலில் தங்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் ஜோடியா சுத்திட்டு வாங்க" என்று சிரித்து அனுப்பினாள். நான் கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திணித்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கோபத்துக்குக் காரணம் முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. "உங்க ரூமுக்கு ஜன்னல் இருக்காதுப்பா. ஜன்னல் வச்சது ரேட்டு ஜாஸ்தி" என்று மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். காலையில் பல் துலக்கிக்கொண்டே என்னிடம், "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே எங்கனா இருக்கேன்" என்றார்.

மூடிய இடம் அவருக்கு ஆகாது. பிரியாணிக் கடையில்கூட வாசல் பெஞ்சில்தான் உட்காருவார். பிளேனில் ஜன்னலோரம் கேட்டு வாங்கினார். என் தம்பி செத்த நாளிலிருந்து இப்படித்தான். தம்பியும் இவரும் ஒரே டேனரியில் வேலை பார்த்தார்கள். கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்கத் தம்பி இறங்கினான், மேலே இவர் நின்றார். கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று எங்களிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு இவர் டேனரிப் பக்கமே போகவில்லை. ஷூ கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் நின்றே காலத்தை ஓட்டினார்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. நான் சமையலறையில் இருந்தால் வெளியிலிருந்து, "வாடை அடிக்குதா?" என்று கேட்பார். சிலிண்டர் பயம் என்று நினைத்திருந்தேன். அடிக்குது என்றால் பேசாமல் இருப்பார். இல்லை என்று சொன்னால்தான் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார். பைத்தியக்கார மனுசன் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று வெனிஸில் நல்ல பனிமூட்டம். பாலத்தின் இந்தப் படியில் நின்றால் எதிர்ப்பக்கப் படி தெரியவில்லை. பெரிய வீடுகள், ஆனால் கீழ்த்தளம் எல்லாம் காலி. கதவுகள் தெருவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துத் திறந்தன. கதவுக்கு முன்னால் படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. அதில் இறங்கி யார் எங்கே போவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் காலடிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்ததால், பின்னால் ஒரு ஆள் வருவது போலவே இருந்தது. நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "ஓ...ய்."

இவர் நின்றுவிட்டார். என் தம்பி இவரை அப்படித்தான் கூப்பிடுவான். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே, "ஓய் மாமா" என்பான்.

மறுபடியும் "ஓ...ய்", இன்னும் பக்கத்தில். தெருவில் யாரும் இல்லை. இவர் மெதுவாக, "இன்னாடா?" என்றார்.

பதில் சொல்கிற குரல் அது. என் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நிமிடம் பனிக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் படகின் மூக்கு வந்தது. துடுப்புப் போடுகிறவன் முனை திரும்புவதற்காகக் குரல் கொடுத்திருக்கிறான். எங்களைப் பார்க்காமலே கடந்து போனான். நான் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. இவர் படகு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேஜார் பண்ணாம வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமலே நடந்தோம். ஒரு வீட்டுக்கு அடியில் குகை மாதிரி நுழைந்த சந்து, தலை இடிக்கிற உயரம். வெளியே போகும் வழி என்று நினைத்து நான் முன்னால் போனேன். அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஒரே இருட்டு. மறுமுனையில் தெரு இல்லை. நான்கு படிகள், அப்புறம் தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்படி ஒன்று சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. கல் இடுக்கில் இருந்தெல்லாம் நீர் ஊறி வந்தது.

"வாடை அடிக்குதா?" என்று வெளியிலிருந்து அவர் கேட்டார்.

காலையிலிருந்து கூடவே வந்த முட்டை வாடை இப்போது இல்லை. அதைக் கவனித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இல்லீங்க. இப்ப ஒண்ணுமே அடிக்கல" என்றேன்.

அவர் உள்ளே பாய்ந்து வந்தார். அப்படி ஒரு வேகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. என் தோளைப் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வெளியே இருந்த சதுக்கத்தின் நடுவில் நிறுத்தினார். "மூச்சு வுடு, மூச்சு வுடு" என்று என் முதுகில் அடித்தார். கிணற்றடியில் நின்ற ஒரு கிழவர் எங்களைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்து போனார்.

"உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவனும் இதையேதான் சொன்னான்" என்றார்.

"யாரு?"

"உன் தம்பி. மேல நின்னு கேட்டேன், வாடை அடிக்குதாடான்னு. மொதல்ல தாங்கல மாமான்னான். ஏறி வந்துடுடான்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு, இல்ல மாமா, இப்ப ஒண்ணுமே அடிக்கலன்னான். சரி, காத்து வந்துடுச்சி போலன்னு நெனச்சேன். வேலையப் பாருடான்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறந்தான் டாக்டர் சொன்னாரு. அந்த கேஸ் ஜாஸ்தியானா மூக்கு செத்துடுமாம். வாடை நின்னா கேஸ் போய்ட்டதா அர்த்தமில்லியாம். அப்பதான் ஓடணுமாம்."

தம்பி வழுக்கி விழவில்லை. இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனுசன். அவர் மண்டையில் நாலு போட வேண்டும் போல இருந்தது. தம்பி கடைசியாக என்ன பேசினான் என்று எங்கள் அம்மா கேட்டுக் கேட்டே செத்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் சமையலறை வாசலில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போது என் காதில் வரிசையாகக் கேட்டன. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அவர் பக்கத்தில் கல் தரையில் உட்கார்ந்துகொண்டேன். சாக்கடைச் சல்லடை வழியாகத் தண்ணீர் மேலே வந்து எங்கள் செருப்பைத் தொட்டது. கடலேறித் தண்ணீர் சேற்றை மூடிவிட்டது, அதனால் வாடை நின்றது, அவ்வளவுதான். அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

"கப்பலுக்கு வர்றீங்களா?" என்றேன்.

அவர் எழுந்து நடந்தார்.

கப்பலில் எங்கள் அறை நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது. மகள் அடுத்த அறையில் குழந்தையைத் தூங்கவைக்கப் போய்விட்டாள். இவர் வாசல் கம்பளத்தில் நின்று, "நீ போய்ப் பாரு" என்றார். நான் உள்ளே போனேன். வெள்ளைச் சுவர், வெள்ளைப் படுக்கை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி, அதில் நான் மட்டும். தரைக்கு அடியில் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"வாடை அடிக்குதா?"

தம்பி நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆழமாக மூச்சை இழுத்தேன். பெயிண்ட் இல்லை, சோப்பு இல்லை, துணி வாடைகூட இல்லை. எதுவுமே அடிக்கவில்லை.

"அடிக்குதுங்க. புதுப் பெயிண்டு வாடை, நல்லா குப்புன்னு அடிக்குது" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, பரவாயில்லை என்பது போல் சுற்றிப் பார்த்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். எலுமிச்சையும் பெருங்காயமும் சுள்ளென்று ஏறின. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினேன்.